அப்பாவுக்குக் காது கேட்கிற மேசை

"எல்லாரும் என்னம்மா பேசிக்கிட்டிருந்தீங்க?"

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இது. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஓர் உணவகத்துக்குக் குடும்பத்தோடு முதல் தடவையாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை இரவு. அப்பா, அம்மா, அக்கா, அக்கா மகள், என் கணவர், மகன், நான் என்று ஏழு பேர் ஒன்றரை மணி நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் சிரித்தபோது அப்பாவும் சிரித்தார். தட்டு வந்ததும் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறதா என்று நான் சைகையில் கேட்டதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஆனால் நாங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அன்றைக்கு அக்கா தனக்குப் பதவி உயர்வு வந்திருப்பதை அந்த மேசையில்தான் சொன்னாள். எல்லாரும் கைதட்டினோம். அப்பாவும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே. காரில் நான் சொன்னபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. "அப்படியா! நல்லது, நல்லது" என்றவர் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் போட்டு, தனியாக இன்னொரு தடவை வாழ்த்துச் சொன்னார்.

அந்த உணவகத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு சுவையாக இருந்தது, பரிமாறியவர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள். ஆனால் எனக்கு அன்றிரவு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. சாப்பாடு மட்டும்தான் வேண்டுமென்றால் வாங்கிவந்து வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே. ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசத்தானே கிளம்பினோம்? அதில் ஒருவரை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எந்தப் புது இடத்துக்குப் போவதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் ஏழு பேரில் யாருக்கு அந்த இடம் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்? அவருக்கு ஒத்துவந்தால் மற்ற ஆறு பேருக்கும் ஒத்துவரும் என்பது இந்த இரண்டு வருடங்களில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது.

அப்பாவின் காதிலிருந்தே தொடங்குகிறேன். இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் உலகத்தில் 150 கோடிக்கும் மேல். 60 வயது தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்கே இந்தக் குறை இருக்கிறது. ஆக, தாத்தா பாட்டியோடு வந்து உட்காருகிற பெரும்பாலான மேசைகளில் இப்படி ஒருவராவது சிரித்தபடி மௌனமாக இருப்பார்.

"பேசறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்று அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அது ரொம்ப நாள் விளங்கவில்லை. கேட்கிறது என்றால் புரிய வேண்டாமா? காதுப் பரிசோதனை நிபுணர்தான் விளக்கினார். வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த ஸ்தாயியில் பலமாக இருப்பவை, அதனால் அவை கேட்டுவிடும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டுகிற க், ச், த், ப் போன்ற மெய்யொலிகள்தான் மெலிசாக, உயரத்தில் இருக்கின்றன. நாம் கடி என்றாலும் தடி என்றாலும் படி என்றாலும் அப்பாவின் காதில் விழுவது ஒரே "அடி"தான். அமைதியான அறையில் நம் உதட்டைப் பார்த்து, பேச்சின் போக்கை வைத்து, மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். சுற்றிலும் இரைச்சல் வந்துவிட்டால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

உணவக இரைச்சலுக்கு இன்னொரு குணமும் உண்டு, அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். பக்கத்து மேசையில் சத்தமாகப் பேசுகிறார்கள் என்பதால் நாம் குரலை உயர்த்துகிறோம். நம்மால் அவர்கள் இன்னும் உயர்த்துகிறார்கள். சத்தத்துக்கு நடுவே மனிதர்கள் தம்மையறியாமல் குரலை ஏற்றிக்கொள்வதை எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-இலேயே எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இன்றும் அதை லோம்பார்ட் விளைவு என்கிறார்கள். கண்ணாடிச் சுவர், கல் தரை, மேலே மூடாத கான்கிரீட் கூரை, மேசைத் துணி இல்லாத மேசை இவையெல்லாம் சேர்ந்தால் எழும் சத்தம் எதிலும் உறிஞ்சப்படாமல் சுற்றிச் சுற்றி வரும். இப்போது புதிதாகத் திறக்கிற இடங்கள் பலவும் பார்ப்பதற்கு அழகாக இப்படித்தான் இருக்கின்றன.

நான் போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். இருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபலை ஒட்டி இருக்கும். அப்பா ஒரு வார்த்தையும் கேட்காத அந்த உணவகத்துக்கு இன்னொரு சனிக்கிழமை இரவு தனியாகப் போய், வாசல் பக்கம் நின்று அளந்து பார்த்தேன். 82 காட்டியது. எண்ணில் 22 தான் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. டெசிபல் கணக்கில் 10 கூடினாலே ஒலியின் ஆற்றல் 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. போன் செயலி ஆய்வகக் கருவி அளவுக்குத் துல்லியமாக இருக்காதுதான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

சத்தம் நாக்கையும் விட்டுவைப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், விமானத்துக்குள் இருப்பது போன்ற 85 டெசிபல் இரைச்சலைக் காதில் கேட்கவிட்டுக்கொண்டே சுவை பார்க்கச் சொன்னார்கள். இனிப்பு மங்கிப்போனது. தக்காளியிலும் காளானிலும் இருக்கிற உமாமி சுவை மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. எனக்கு அதைப் படித்ததும் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். அன்றைக்குக் கடைசியில் வந்த இனிப்பைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்திருந்தார்.

சரி, இதற்கெல்லாம் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். குடும்பத்தைக் கூட்டிப்போவதற்கு முன்னால் நானோ என் கணவரோ ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிடுகிறோம். மதியக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் சேராத நாலு மணி வாக்கில் போய் ஒரு தேநீர் குடித்தால் போதும். அந்த நேரத்தில் பரிமாறுபவர்களுக்கும் நின்று பேச அவகாசம் இருக்கும். ஒலிபெருக்கி எங்கே மாட்டியிருக்கிறது, சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கழிப்பறைக்குப் படியேறவோ இறங்கவோ வேண்டுமா, நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பேன். கைப்பிடியைச் சின்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தாழ்வான மெத்தை இருக்கையிலிருந்து அம்மா எழ முயன்று, முடியாமல், யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்ததைக் கண்ட பிறகு, நாற்காலியைப் பார்க்காமல் நான் மேசை சொல்வதே இல்லை.

எங்கே உட்காருவது என்பதில் ஒரு தவறு செய்துகொண்டிருந்தோம். சுவர் ஓரமாக, கூடத்தைப் பார்த்தபடி அப்பாவை உட்காரவைப்போம். குடும்பத்தில் பெரியவர், எல்லாரையும் பார்த்தபடி உட்காரட்டும் என்ற எண்ணம். காது கருவி வாங்கிய பிறகு நிபுணர் அதைத் திருத்தினார். அப்பாவுடைய கருவியில் இருப்பவை முன்பக்க ஒலியைக் கூடுதலாக வாங்கும் மைக்குகள். கூடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நாற்பது பேர் பேசுவதையும் அள்ளிக்கொண்டுவந்து காதில் கொட்டும். கூட்டம் முதுகுக்குப் பின்னாலும் குடும்பம் முகத்துக்கு முன்னாலும் இருக்க வேண்டும். நாங்கள் சுவர்ப்பக்கம் உட்கார்ந்து, அப்பாவைக் கூடத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தோம். எங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படியும் பார்த்துக்கொண்டோம், உதடு தெரிய வேண்டுமே. அன்றைக்கு அவர் என் மகனைப் பார்த்து, "ஸ்கூல்ல யாருடா அடிச்சது?" என்று தானாகக் கேட்டார். அவன் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது! அடிபட்டதாகச் சொன்ன விஷயம்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மாவின் கதை வேறு. அதைக் கொஞ்சம் பயத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும், வேகமாக வேலை செய்கிற வகை அது. பிறந்தநாள் ஒன்றுக்காக வேறொரு புது இடத்துக்குப் போனோம். பத்து நிமிடத்தில் போய்விடலாமே என்று அம்மா வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினார். மேசை கிடைக்கவே இருபது நிமிடம் ஆனது. ஆர்டர் கொடுத்து அரை மணி நேரம் கழித்தும் ஒன்றும் வரவில்லை. அம்மா பேசாமல் இருந்தார். வழக்கமாக இருக்கிற அமைதியில்லை அது, கண் ஒரே இடத்தில் நிலைத்திருந்தது. மேல் உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தண்ணீர் டம்ளரை எடுக்கப்போன கை நடுங்கியது. அக்காதான் முதலில் கவனித்தாள். "லோ சுகர்டி" என்றாள். பையில் இருந்த கருவியில் பார்த்தோம், 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே உடனே எதையாவது கொடுக்க வேண்டும். பக்கத்து மேசைக்குப் போய்க்கொண்டிருந்த பழச்சாற்றை நான் நடுவழியிலேயே வாங்கிவிட்டேன். அந்த மேசைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர்களில் ஒரு அம்மாள் எழுந்துவந்து விசிறியும் விட்டார். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நன்றி எனக்குள் அப்படியே இருக்கிறது.

15 கிராம் அளவுக்குச் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி. கொடுத்துவிட்டு 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்தது இதுதான், அன்றைக்கு அப்படியே செய்தோம். இப்போது அம்மா ஊசியைப் பையில் எடுத்துக்கொண்டு வருகிறார். தட்டு மேசைக்கு வந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் போட்டுக்கொள்வார். வீட்டுச் சமையலின் நேரக் கணக்கு வெளியே செல்லாது என்பது இவ்வளவு பயந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

எதனால் அவ்வளவு தாமதம் என்று பின்னால் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். ஏழு பேர் ஒன்பது வகை சொன்னால் அவை ஒரே அடுப்பில் ஆவதில்லை, சுடுவது ஒருவர், பொரிப்பது ஒருவர், குழம்பு வகைக்கு ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும் என்றார். ஒரு மேசைக்கு எல்லாத் தட்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்று வைத்திருந்தால், எல்லாவற்றிலும் மெதுவாக ஆகிற பதார்த்தம்தான் நேரத்தை முடிவு செய்யும். மற்ற எட்டும் அதற்காகக் காத்திருக்கும். திறந்து சில வாரங்களே ஆன இடம் என்றால் அவர்களுக்குள்ளேயே இன்னும் கை பழகியிருக்காது. அதனால் நான் இப்போது உட்கார்ந்ததும் சொல்லிவிடுகிறேன்: "ஒண்ணா வரணும்னு இல்ல தம்பி, எது ரெடியோ அதைக் கொண்டாங்க. முதல்ல இவங்களுக்கு ஒரு சூப்." இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் எத்தனையோ சங்கடங்களைத் தீர்த்திருக்கிறது.

சூப் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். ரெஸ்டாரன்ட் என்ற சொல் முதலில் ஓர் இடத்தின் பெயராக இருக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் அது உடம்புக்குத் தெம்பைத் திரும்பக் கொடுக்கும் ரசம் போன்ற ஒரு கொதிசாற்றின் பெயர். இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்கிய சாறு. 1760-களில் பாரிஸில் இதைப் பரிமாறும் இடங்கள் திறந்தன. வழக்கமான கனத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள், மெலிந்து போனவர்கள் அங்கே வந்தார்கள். அதுவரை சத்திரங்களில் குறித்த நேரத்துக்கு ஒரே பெரிய மேசையில் எல்லாரும் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட வேண்டும். இந்தப் புது இடங்களிலோ எப்போது வேண்டுமானாலும் வரலாம், தனி மேசையில் உட்காரலாம், தனக்கு எது ஒத்துவருமோ அதைக் கேட்டு வாங்கலாம். சாற்றின் பெயரே பிறகு இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. உடம்பு முடியாதவர்களுக்காகத்தான் உணவகமே பிறந்திருக்கிறது. எனக்கு உப்பு குறைவாக, எனக்குச் சீக்கிரமாக, எனக்கு அமைதியான மூலையில் என்று கேட்கக் கூச்சப்படுகிற எல்லாரிடமும் இதைச் சொல்ல ஆசை. கூச்சம் வேண்டாம். முதன்முதலில் அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் நம் போன்றவர்கள்தான்.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வேர்க்கடலை ஆகாது. லேசான அரிப்போடு போகிற வகை கிடையாது, மூச்சுக்குழலை அடைக்கிற வகை. அப்படி ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசிப் பேனா அக்காவின் கைப்பையில் எப்போதும் இரண்டு இருக்கும். அவளோடு ஒரு புது இடத்துக்குப் போவது என்றால் அக்காவின் முகமே மாறிவிடும். ஆனால் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிடவும் அக்காவுக்கு மனமில்லை. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

"இதில் வேர்க்கடலை இருக்கா?" என்று கேட்டால் பாதி இடங்களில் "இல்லை மேடம்" என்று உடனே பதில் வரும். அந்த உடனடிப் பதிலை அக்கா நம்புவதில்லை. அவள் வேறு மாதிரி கேட்பாள். எந்த எண்ணெய்? அரைத்துவிட்ட மசாலாவில் என்னென்ன சேரும்? கடலை போட்ட பதார்த்தத்தைக் கிளறிய கரண்டி இதற்கும் போகுமா? பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றேதானா? வேர்க்கடலைப் புரதம் பொரிக்கிற சூட்டுக்கு அழிவதில்லை. வறுத்தால் அதன் வீரியம் இன்னும் கூடுகிறது. அதனால் "நல்லா வேகவச்சுடுவோம்" என்ற பதிலால் ஒரு பயனும் இல்லை. மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வாள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தைக் கையிலிருந்து எடுக்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வேர்க்கடலை உட்பட ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எல்லா ஊரிலும் அந்த வசதி கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் நம்மைக் காப்பது எதிரில் நிற்கிற ஆள்தான்.

அந்த ஆளை எப்படி அறிவது என்று அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஒரு சின்ன இடத்தில், இருபது வயது இருக்கும் பையன் ஒருவன் எங்களுக்குப் பரிமாற வந்தான். அக்கா கேட்டதும் ஒரு நிமிடம் யோசித்தான். "எனக்குத் தெரியலக்கா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் சாஸ் பாட்டில். சமையல்காரரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு வந்து, பின்பக்கம் அச்சடித்திருக்கிற பொடி எழுத்தை அக்காவிடமே காட்டி, "நீங்களே ஒருதடவை படிச்சிருங்கக்கா" என்றான். பாட்டிலின் கழுத்தில் காய்ந்த சாஸ் வழிந்திருந்தது. அதைத் தன் துணியால் துடைத்துவிட்டுத்தான் நீட்டினான். அக்கா படித்தாள். அதில் கடலை இருந்தது. அந்த ஒரு பதார்த்தத்தை விட்டுவிட்டு வேறு வாங்கிக்கொண்டோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கேட்டுவருகிற ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் அக்கா இரண்டாம் தடவை போவாள். கிளம்பும்போது அந்த இடத்தின் முதலாளியைக் கூப்பிட்டு அந்தப் பையனைப் பற்றி அவன் எதிரிலேயே நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மகன் விஷயம் லேசானது. ஐந்து வயது, புதிதாக எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்வான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை குழந்தைகளுக்குப் புது உணவின்மேல் இப்படி ஒரு பயம் உச்சத்தில் இருப்பது இயல்பு. லீயன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஒரே பதார்த்தத்தை எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவை வற்புறுத்தாமல் முன்னால் வைத்தால் குழந்தை தானாக ஏற்றுக்கொள்ளும் என்பது அந்த வழியில் வந்த ஆய்வுகள் சொல்வது. ஆக முதல் தடவை போகிற இடத்தில் அவன் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவனுக்குத் தெரிந்த ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவோம். புதியது நடுவில் இருக்கும், யாரும் அவனைக் கூப்பிட மாட்டோம். தாத்தா தட்டிலிருந்து எடுப்பதற்கு மட்டும் அவனுக்கு எந்தப் பயமும் இல்லை, அது எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நட்சத்திரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் உணவகங்களுக்குப் பொதுமக்கள் போடுகிற நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அந்த முதல் இடத்துக்குப் போனோம். இந்த விஷயத்தில் பழைய பெயர் மிஷெலின். 1900-இல் வாகனம் ஓட்டுபவர்களுக்கான கையேடாக அதைத் தொடங்கிய டயர் நிறுவனம் 1926-இல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. அவர்களுடைய நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். மூலப்பொருளின் தரம், சமைக்கும் திறன், சுவைகளின் இசைவு, சமையல்காரரின் தனித்தன்மை, எப்போது போனாலும் அதே தரம். நாற்காலி, வெளிச்சம், சத்தம் எதுவும் அதில் சேராது. அது அவர்கள் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆனால் அப்பாவோடு போகிறவள் பார்க்க வேண்டியவை அவர்கள் பார்க்காத அந்த மீதிதான். அதனால் கருத்துகளைப் படிக்கும்போது நான் இப்போது நட்சத்திர எண்ணிக்கையைத் தாண்டிப் போய்விடுகிறேன். "சத்தம்", "படி", "வயதானவர்கள்", "குழந்தையோடு" என்ற சொற்களைத் தேடுவேன். மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு, "இடம் ரொம்ப அமைதி, கூட்டமே இல்லை" என்று யாரோ குறைப்பட்டிருந்தால், அது எனக்கு ஐந்து நட்சத்திரம்.

அப்புறம் இன்னொன்று. புது இடத்தில் ஆசையில் நிறைய வாங்கிவிடுவோம், மிச்சம் கட்டிக்கொண்டு வருவோம். சமைத்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 5 டிகிரிக்குக் கீழேயோ 60 டிகிரிக்கு மேலேயோதான் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்கிற கணக்கு. மேசையில் இருந்த ஒன்றரை மணி நேரமும் அதில் சேர்த்திதான். சோறு என்றால் இன்னும் கவனம், வேகவைத்தும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கும். வழியில் கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறோம்.

போன மாதம், அந்தப் பையன் வேலை பார்க்கிற சின்ன இடத்துக்கு மூன்றாம் தடவையாகப் போனோம். வார நாள், மாலை ஆறரை மணி. மொத்தமே மூன்று மேசைகளில்தான் ஆள் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவனே மூலை மேசைக்குப் போய், கூடத்துக்கு முதுகு காட்டியிருந்த நாற்காலியை இழுத்து, "ஐயா இங்கதானே?" என்றான். சுவரில் இருந்த ஒலிபெருக்கியின் சத்தத்தையும் குறைத்துவிட்டு வந்தான். நாங்கள் கேட்கவே இல்லை.

பிறகு எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு நேராக அப்பா முகத்தைப் பார்த்து, "காரம் குறைச்சுப் போடச் சொல்லட்டுங்களா ஐயா?" என்று கேட்டான். பழக்கத்தில் நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "வேணாம்ப்பா. இன்னிக்கு நல்லா காரமாவே போடச் சொல்லு" என்றார். அம்மா ஏதோ முணுமுணுத்தபடி முறைத்தார். அப்பா அதையும் கேட்காத மாதிரி இருந்துகொண்டார், ஆனால் கேட்டிருந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது காரில் அப்பா எதுவும் கேட்கவில்லை. பின் இருக்கையில் மகனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தார். திமிங்கிலம் மீன் இல்லை என்று மேசையில் அவன் சொல்லியிருந்தான். தாத்தா அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் இருவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார்கள். வண்டியை நிறுத்திய பிறகும் அவர்கள் இறங்கவில்லை. நானும் என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.